விளையாட்டுக்குள் ஒரு புத்தகம்: தெல்தெனியப் பிள்ளைகள் எங்களிடம் கேட்ட 14 வரி



இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷா தொழுதுவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு ஆறுதலாக வாசியுங்கள். நாங்கள் வழமையாகப் போடும் ஊர் வரலாற்றுப் பதிவுகளில் இதுவும் ஒன்றுதான். ஆனால் இந்த முறை கதை கொம்பியூட்டர் கேமில் தொடங்குகிறது. "சேர்மாரும் கேமுக்குள் இறங்கிட்டாங்களா?" என்று கேட்க நினைப்பவர்கள் கடைசி வரை வந்துவிட்டுக் கேளுங்கள்.

போன தவணை விடுமுறையில் தரம் 10 பிள்ளைகள் ஐந்து பேர் எங்களைத் தேடி வந்தார்கள். மைன்கிராஃப்ட் என்ற கேமில், தண்ணீருக்குள் போன பழைய தெல்தெனிய டவுனைக் கட்டிக்கொண்டிருக்கிறார்களாம். உம்மும்மா, மூத்தாப்பா சொன்னதை வைத்துக் கடைத்தெருவைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகள் இருவரும் அதே சேர்வரில் சேர்ந்து கட்டுகிறார்கள். போனில் காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒருவன் சொன்னான்: "கடையெல்லாம் கட்டிட்டோம் சேர். உள்ளுக்குப் போனா ஒண்டும் இல்ல. வைக்கிறதுக்குப் புத்தகம் எழுதித் தாங்களேன். ஒரு பக்கத்துக்கு 14 வரிதான் வரும்."

முதலில் சிரித்தோம். பரீட்சைக்குப் படிக்கச் சொன்னால் ஓடுகிற பிள்ளைகள் புத்தகம் கேட்கிறார்கள் என்று. ஆனால் எழுத உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று விளங்கியது. விளையாட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற ஒருவனை நிறுத்தி வாசிக்க வைக்க வேண்டும். இதை யார் முதலில் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று தேடத் தொடங்கினோம். தேடக் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கொம்பியூட்டர் கேமில் படமே இல்லாத காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் வில் க்ரௌதர் என்ற புரோகிராமர், குகைகளுக்குள் போய்வருவதில் ஆர்வமுள்ளவர், 1976 அளவில் ஒரு குகை விளையாட்டை எழுதினார். 1977இல் டொன் வூட்ஸ் என்பவர் அதைப் பெரிதாக்கினார். 'கொலோசல் கேவ்' என்று பேர். திரையில் எழுத்து மட்டும்தான். "வடக்கே போ", "விளக்கை எடு" என்று தட்டச்சு செய்தால், என்ன நடந்தது என்று கேம் எழுத்திலேயே சொல்லும். அந்தக் குகைக்குள் ஒரு சஞ்சிகை கிடக்கும். ஆசையோடு எடுத்து வாசிக்கப் போனால், இது குள்ளர்களின் மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடும். எங்களுக்குத் தெரிந்த வரை கேமுக்குள் வந்த வாசிப்புப் பொருட்களில் மிகப் பழையது இது. அதையே வாசிக்க முடியாது! இந்தக் குள்ளர் மொழியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நம்முடைய மொழிக்கும் அந்தக் கதி வரப்போகிறது.

அதே 1977இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 'சோர்க்' என்ற கேமை எழுதத் தொடங்கினார்கள். அது ஒரு வீட்டு வாசலில், ஒரு தபால் பெட்டிக்குப் பக்கத்தில் தொடங்கும். பெட்டியைத் திறந்தால் ஒரு துண்டுப் பிரசுரம். அதை வாசிக்கலாம். வந்திருப்பது எந்த இடம், என்ன விளையாட்டு என்று அது சொல்லும். துண்டுப் பிரசுரம் தபால் பெட்டியில் இருப்பது இயற்கை. அதனால் திறந்த கையோடு வாசித்துவிடுவோம். எழுத்தை எங்கே வைக்கிறோம் என்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்று நாங்கள் முதலில் படித்துக்கொண்டது இதில்தான். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் 'மட்' என்ற கேமை உருவாக்கினார்கள். பல பேர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை ஊருக்குள் நடமாடும் விளையாட்டு அது. இன்று நம் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுகிற எல்லாவற்றுக்கும் அது ஒரு மூத்தாப்பா மாதிரி.

எண்பதுகளில் ஒரு வேடிக்கை நடந்தது. அப்போதைய டிஸ்கில் இடம் குறைவு, நீளமான கதையை அதற்குள் வைக்க முடியாது. அதனால் 'வேஸ்ட்லேண்ட்', 'பூல் ஒஃப் ரேடியன்ஸ்' (1988) போன்ற கேம்களின் பெட்டிக்குள் அச்சடித்த ஒரு சிறு புத்தகத்தையும் வைத்தார்கள். விளையாடும்போது திரையில் "இத்தனையாம் பந்தியை வாசி" என்று வரும், நீங்கள் புத்தகத்தைப் புரட்டி வாசிக்க வேண்டும். சரி, அவசரக்காரன் முழுப் புத்தகத்தையும் முதலிலேயே வாசித்துவிட்டால்? அதற்காகப் பொய்ப் பந்திகளையும் கலந்து வைத்தார்கள். வேஸ்ட்லேண்டில் செவ்வாய்க் கிரகம் சம்பந்தமான ஒரு கதையே ஓடும், விளையாட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. மொடல் பேப்பரின் பின்பக்கத்தில் விடையைப் பார்த்து எழுதுகிற பிள்ளைகளுக்கு நாங்களும் இப்படி ஏதாவது செய்யலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். கணித ஆசிரியர்தான், வேறு யார்.

இடம் போதாது என்ற கஷ்டம் கேம்காரர்களுக்கு மட்டும் வந்ததல்ல. நம் கண்டிப் பகுதியில் நூற்றாண்டுக் கணக்காகப் புத்தகம் என்றாலே தாளிப்பனை ஓலைதான். ஹங்குரன்கெத்தையில் உள்ள பொத்குல் விகாரையின் பேரிலேயே புத்தகசாலை இருக்கிறது. ஓலையின் அகலம் சில விரற்கடைதான். அதற்குள் எத்தனை வரி கொள்ளுமோ அத்தனைதான் எழுதலாம். கயிறு கோர்க்கும் துளைக்கும் இடம் விட வேண்டும். எழுத்தாணியால் கீறி, கரி கலந்த எண்ணெயைத் தேய்த்தால்தான் எழுத்துத் தெரியும். எழுதுகிறவன் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குப் பார்த்திருப்பான். 14 வரி என்று பிள்ளைகள் சொன்னதும் எங்களுக்கு இந்த ஓலைதான் நினைவுக்கு வந்தது.

கேமுக்குள்ளேயே திறந்து, தாள் தாளாகப் புரட்டி வாசிக்கும் புத்தகங்கள் தொண்ணூறுகளில் பெருகின. 1992இல் வந்த 'அல்டிமா' வரிசையின் ஏழாம் கேமில் வீடுகளிலும் நூலகங்களிலும் புத்தகங்கள் இருந்தன. 1996இல் 'டாகர்ஃபோல்' வந்தது. 2002இல் அதே வரிசையில் 'மொரோவிண்ட்'. இந்தக் கடைசிக் கேமைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

மொரோவிண்டின் கற்பனை உலகத்தில் முன்னொரு காலத்தில் சிவப்பு மலை என்ற இடத்தில் பெரிய யுத்தம் நடந்ததாகக் கதை. அதில் ஒரு தலைவன் இறந்துபோகிறான். எப்படி இறந்தான், யார் கொன்றது? அந்த உலகத்துப் புத்தகங்களில் ஒன்று ஒரு விதமாகச் சொல்கிறது, இன்னொன்று வேறு விதமாகச் சொல்கிறது. கோயில்காரர்கள் எழுதியதில் ஒரு கதை, அவர்களை எதிர்த்தவர்கள் ஒளித்து வைத்திருப்பதில் இன்னொரு கதை. எது உண்மை என்று கேம் கடைசி வரை தீர்ப்புச் சொல்வதில்லை. விளையாடுகிறவனே, இதை எழுதியவன் யார், இவன் அங்கே இருந்தவனா, இப்படி எழுதினால் இவனுக்கு என்ன லாபம் என்று யோசிக்க வேண்டும். தரம் 10 வரலாற்றுப் பாடத்தில் 'மூலாதாரங்கள்' என்று நாங்கள் தொண்டை வரளக் கற்பிப்பது இதைத்தான். ஒரு கேம் கம்பனி அதை விளையாட்டாகவே செய்திருக்கிறது.

இதில் நமக்குப் பழக்கமான ஒன்றும் இருக்கிறது. ஹதீஸ் கலையில் செய்திக்கு முன்னால் அதை அறிவித்தவர்களின் வரிசை வரும். இவர் இவரிடம் கேட்டார், அவர் அவரிடம் கேட்டார் என்று. அந்தச் சங்கிலியில் ஒருவர் பலவீனமானால் செய்தியின் தரமே மாறும். கேம் கதையை மார்க்கத்தோடு ஒப்பிடுகிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அஸ்தஃபிருல்லாஹ். 'யார் சொன்னது?' என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல என்பதற்காக மட்டும் சொல்கிறோம். நடைமுறையில் அதை மறந்தபோது என்ன நடந்தது என்பதற்குக் கீழே வருகிறோம்.

மொரோவிண்டில் இன்னொரு தந்திரமும் உண்டு. சில புத்தகங்களைத் திறந்தாலே விளையாடுகிறவனின் திறமை ஒரு படி கூடும். அதற்காகவே பலர் திறந்தார்கள். திறந்து, உடனே மூடினார்கள். 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்ற பல பேர் விளையாடும் கேமில் 2008இல், உலகத்தில் சிதறிக் கிடக்கும் புத்தகங்களையெல்லாம் திறந்தவனுக்கு அதை ஒரு சாதனையாகப் பதிந்து கொடுத்தார்கள். ஓடி ஓடித் திறந்தார்கள். எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? பாடசாலை நூலகப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வைத்துவிட்டுப் போகிற நம் பிள்ளைகளைப் பார்க்கிற எங்களுக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. பரிசு கொடுத்தால் கதவு திறக்கும், அவ்வளவுதான்.

தானாக வாசிக்க வைப்பது எது? இதற்கு நம் மலைநாட்டிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பிப் போகும் வரை இந்த மலைகளில் கைதியாக வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். ஒரு நாள் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வயதான மனிதரிடம் ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருப்பது தெரியவந்தது. பார்த்தால் அது பைபிள். கொழும்பு போர்த்துக்கேயரிடமிருந்து கைமாறிய காலத்தில் அந்த மனிதரின் கைக்கு வந்ததாம். கடைசியில் நொக்ஸ் அதை ஒரு பின்னல் தொப்பிக்கு வாங்கினார். 1681இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். அந்த மனிதருக்கு வாசிக்க முடியாத ஒரு பொருள், நொக்ஸுக்கு உயிர் வந்த மாதிரி. நினைக்காத இடத்தில் கிடைத்தது, தன் மொழியில் இருந்தது, கையால் பின்னிய ஒன்றைக் கொடுத்து வாங்கியது. கேமில் புத்தகம் வைக்கிறவர்கள் இந்த மூன்றையும்தான் உண்டாக்கப் பார்க்கிறார்கள்.

மொழி என்றதும் அந்தக் குள்ளர் மொழி விஷயத்துக்கு வருவோம். 'தெல்தெனிய' என்று எழுதிப் பாருங்கள். நமக்கு அது 5 எழுத்து. கணினிக்கு அது 9 குறியீடுகள். 'தெ' என்பதைக் கணினி முதலில் 'த', அதற்குப் பிறகு ஒற்றைக் கொம்பு என்று சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கிப் போட வேண்டும். தமிழுக்கான அந்த ஒழுங்கு தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னாலேயே நிற்கும். நம் ஊர்ப் பேரில் கொம்பு இரண்டு தடவை வருகிறது, ஆகவே ஒரு கேமுக்குத் தமிழ் தெரியுமா என்று சோதிக்க நம் ஊர்ப் பேரை விடச் சிறந்த சொல் இல்லை. ஆங்கில எழுத்துக்குக் கணக்குப் போட்டு வைத்த பக்க அளவும் நமக்குச் சரிவராது. மைன்கிராஃப்டில் 2012இல் எழுதக்கூடிய புத்தகம் அறிமுகமானபோது ஒரு பக்கத்துக்கு 256 எழுத்துக்குறிகள், மொத்தம் 50 பக்கங்கள் என்று எல்லை இருந்தது. கொம்பும் விசிறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்பட்டால் தமிழுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள்.

கையில் இருக்கிற எழுத்துக்குள் மொழியைப் பொருத்துகிற வேலையை நம் முன்னோர் ஏற்கனவே செய்திருக்கிறார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்தான் அது. அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்கு, இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளியையும் குறியையும் கூட்டிப் புது எழுத்து உண்டாக்கினார்கள். கீழக்கரையிலும் இலங்கையிலும் பெயர் பெற்ற மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அந்த எழுத்தில் எழுதிய கிதாபுகள் நம் வீடுகளில் ஓதப்பட்டன. உங்கள் வீட்டுப் பரணில் உம்மும்மாவின் கிதாபு ஏதாவது இருந்தால் தயவுசெய்து கறையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கற்பனை உலகம் கட்டுவதும் நமக்கு அந்நியமல்ல. கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். இலங்கையில் தமிழில் வந்த முதல் நாவல் என்று அதைச் சொல்வார்கள். கண்டிக்காரர் ஒருவர் எகிப்தைக் களமாக வைத்துக் கதை எழுதினார், அதற்குச் சரித்திரம் என்று பேரும் வைத்தார். இன்றைக்கு அவர் இருந்திருந்தால் கேமுக்குக் கதை எழுதியிருப்பார் என்று எங்களில் ஒருவர் சொன்னார். இருக்கலாம்.

இனி இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறோம்.

பல பேர் சேர்ந்து விளையாடும் கேமில் புத்தகத்தை எழுதுகிறவன் கம்பனிக்காரன் மட்டும் இல்லை. 1997இல் வந்த 'அல்டிமா ஒன்லைன்' கேமிலேயே விளையாடுகிறவர்கள் வெற்றுப் புத்தகத்தில் தாங்களே எழுதி மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். மைன்கிராஃப்டில் இது இன்னும் ஒழுங்காக இருக்கிறது. புத்தகத்தை எழுதி முடித்துத் தலைப்பிட்டுக் கையெழுத்து வைத்தால், எழுதியவரின் விளையாட்டுப் பேர் அதில் பதிந்துவிடும். பிறகு அவரே வந்தாலும் திருத்த முடியாது. பிரதி எடுக்கலாம், ஆனால் அதில் 'மூலத்தின் பிரதி' என்று இருக்கும். அந்தப் பிரதியிலிருந்து எடுத்தால் 'பிரதியின் பிரதி' என்று இருக்கும். அதிலிருந்து மேலும் பிரதி எடுக்க முடியாது.

பிள்ளைகள் இதைச் சொன்னபோது எங்கள் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 2018 மார்ச் மாதத்தை நினைத்துக்கொண்டோம்.

அந்த நாட்களைப் பற்றி இங்கே விளக்கத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். பெப்ரவரியில் தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் வைத்தியசாலையில் இறந்துபோனார். அது அநியாயமாகப் போன ஒரு உயிர். அதன் பிறகு திகனையில் தொடங்கிப் பரவியதில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, நம் பிள்ளை ஒருவரும் உயிரிழந்தார். 6ஆம் திகதி அவசரகால நிலை. 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் முடக்கம். பேஸ்புக் 15ஆம் திகதிதான் திரும்ப வந்தது. அதற்கு முன்பு யாரோ எழுதிய, யாருடைய பேரும் இல்லாத செய்திகள் எத்தனை போன்களுக்கு எத்தனையாம் பிரதியாக வந்து சேர்ந்தன! அம்பாறையில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய்யும் அப்படித்தான் ஓடியது. ஒரு தடவையில் 5 அரட்டைகளுக்கு மேல் ஒரு செய்தியை முன்னனுப்ப முடியாது என்ற கட்டுப்பாட்டை வட்ஸ்அப் உலகம் முழுவதற்கும் கொண்டுவந்தது 2019 ஜனவரியில். 2018இல் இலங்கையில் நடந்ததில் தன் பங்குக்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். பிள்ளைகளின் கேமில் 'பிரதியின் பிரதி'யோடு பூட்டு விழுந்துவிடுகிறது.

அதே சம்பவத்தின் மறுபக்கமும் இருக்கிறது. முடக்கம் வந்தபோது பொய்யோடு சேர்ந்து மெய்யும் நின்றுபோனது. அக்குறணையில் இருந்த உறவினருக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வழியில்லாமல் தவித்தவர்கள் இதை வாசிக்கிறவர்களில் இருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் மறுபடி முடக்கம். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மறுபடி. இப்படி முடக்குகிற நாடுகளை நினைத்துத்தான், எல்லைகளற்ற நிருபர்கள் என்ற அமைப்பு 2020 மார்ச் 12ஆம் திகதி மைன்கிராஃப்டுக்குள் ஒரு நூலகத்தைத் திறந்தது. 'தணிக்கை செய்யப்படாத நூலகம்' என்று பேர். ஒரு கோடியே 25 இலட்சம் கட்டிகளால் கட்டிய பெரிய மண்டபம். எகிப்து, சவூதி அரேபியா, ரஷ்யா, வியட்நாம், மெக்சிக்கோ ஆகிய நாடுகளுக்குத் தனித்தனிப் பகுதிகள். 2018 ஒக்டோபரில் இஸ்தான்புலில் கொல்லப்பட்ட ஜமால் கஷோகியின் கட்டுரைகளும் அங்கே விளையாட்டுப் புத்தகமாக இருக்கின்றன. செய்தித் தளங்களை முடக்குகிற அரசாங்கங்கள் பிள்ளைகளின் கேமை முடக்க மறந்துவிட்டன, அந்த இடைவெளியில் இவர்கள் புகுந்தார்கள்.

அந்த நூலகத்துக்கு ஆட்சேபம் சொல்லவும் இடமுண்டு. ஒரு அமைப்பு தேர்ந்தெடுத்த நாடுகள், தேர்ந்தெடுத்த கட்டுரைகள். அலுமாரியில் எது இல்லை என்று கேட்க வேண்டிய கேள்வி அங்கேயும் இருக்கிறது. ஆனால் வழி ஒன்று இருக்கிறது என்று காட்டினார்களே, அது பெரிய விஷயம்.

சரி, எங்கள் 14 வரி என்ன ஆனது?

முதல் புத்தகத்தை எங்கள் வரலாற்று ஆசிரியர் எழுதினார். துரித மகாவலித் திட்டம், பிரித்தானிய நிதியுதவி, 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் கொண்ட விக்டோரியா அணைக்கட்டு, 210 மெகாவொட் மின்சாரம், 1985 ஏப்ரல் 12ஆம் திகதி மார்கரட் தட்சர் வந்து திறந்து வைத்தது. எல்லாம் சரியான தகவல். பிள்ளை ஒருத்தி இரண்டு பக்கம் வாசித்துவிட்டு, "சேர், இது பாடப் புத்தகம்" என்றாள். அவர் முகம் வாடிப்போனது. ஆனால் அவள் சொன்னது நியாயம். பழைய டவுனின் ஒரு கடைக்குள் போகிறவனுக்கு அங்கே அணைக்கட்டின் உயரம் எதற்கு? அந்தக் கடை திறந்திருந்த காலத்தில் அணையே இல்லையே.

இரண்டாவது யோசனை ஒரு கடன் கொப்பி. கடை முதலாளியின் மேசையில் கிடக்கிற கணக்குக் கொப்பி. யார் யாருக்கு எவ்வளவு சீனி, எவ்வளவு மண்ணெண்ணெய், ஊர் கலையும்போது யார் கடனை அடைத்தார்கள், யார் அடைக்கவில்லை. எழுதியும் பார்த்தோம். நன்றாக வந்தது, பிள்ளைகளுக்கும் பிடித்தது. அங்கேதான் எங்களுக்குள் பிரச்சினை வந்தது. கொப்பியில் இருந்த பேர்களும் தொகைகளும் நாங்கள் இட்டுக்கட்டியவை. கேம்தானே, இருக்கட்டும் என்றார் ஒருவர். இன்னொருவர் விடவே இல்லை. "நாளைக்கு இந்தப் பிள்ளைகளுடைய பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். தண்ணீருக்குள் போன ஊருக்கு வேறு சாட்சி கிடையாது. நாம் எழுதி வைத்த பொய்தான் சரித்திரமாகும்" என்றார். மொரோவிண்ட் மாதிரிக் கற்பனை உலகத்தில் பொய்ப் புத்தகம் வைக்கலாம், இறந்தவனே கற்பனை. இங்கே அந்தக் கடைகளில் சாமான் வாங்கியவர்கள் இன்னும் நம்மோடு ஜும்ஆவுக்கு வருகிறார்கள். வறட்சியில் நீர்த்தேக்கம் வற்றி, பழைய கட்டடங்களின் எச்சம் தலைகாட்டும்போது, வீதியோரம் நின்று விரல் நீட்டிச் சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

அதனால் இப்படி முடிவெடுத்தோம். கொப்பியைக் கிழித்தோம். ஒரு புத்தகத்துக்கு ஒரு மனிதர். அவர் கண்டதை, அவர் பேச்சில், 14 வரிக்குள். அவர் விரும்பினால் அவர் பேரோடு. அவர் கேள்விப்பட்டது என்றால் கேள்விப்பட்டது என்றே எழுதுவோம். ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் மோதினால் இரண்டையும் ஒரே அலுமாரியில் வைப்போம், எது சரி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சிங்களப் பிள்ளைகள் தங்கள் சீயாமாரிடம் கேட்டுச் சிங்களத்தில் எழுதி வருகிறார்கள். முதல் மோதல் ஏற்கனவே வந்துவிட்டது. ஒரு தேநீர்க்கடை யாருடையது என்பதில் எங்கள் மூத்தாப்பா ஒருவரும் அவர்களுடைய சீயா ஒருவரும் ஒத்துவரவில்லை. இரண்டு புத்தகமும் அந்தக் கடைக்குள்ளேயே இருக்கிறது.

2018க்கு ஒரு புத்தகம் வைப்பதா என்பதில் நாங்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. பழைய டவுன் 1980களோடு முடிகிறது, அதற்குள் அது எதற்கு என்கிறார் ஒருவர். கேட்டதே பிள்ளைகள்தான் என்கிறார் இன்னொருவர். அந்த வருடம் அவர்கள் ஆரம்பப் பிரிவில் இருந்தார்கள், சிலருக்கு இருட்டில் உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம். எழுதினால் இரண்டு மொழியிலும் எழுத வேண்டும், கையெழுத்து வைத்தபின் திருத்த முடியாது என்பதும் தெரியும். பெற்றோரின் கருத்தைக் கேட்காமல் இதைச் செய்யப் போவதில்லை. கமெண்டில் வேண்டாம், நேரில் சொல்லுங்கள்.

இப்போதைக்குத் தேவை இதுதான். பழைய கடைத்தெருவில் வலது பக்க வரிசையில் எட்டுக் கடைகள் வரை பிள்ளைகள் கட்டிவிட்டார்கள். இடது பக்கத்தில் நான்குதான் தெரிகிறது. பழைய டவுனில் வாழ்ந்த வாப்பா, உம்மா, மூத்தாப்பா, உம்மும்மா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு அரை மணித்தியாலம் எங்களுக்கு ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நாங்களே வீட்டுக்கு வருவோம். அந்தக் காலத்துப் போட்டோ இருந்தால் எடுத்து வையுங்கள், போனில் படம் பிடித்துவிட்டு அங்கேயே திருப்பித் தருவோம். கொப்பியும் பேனையும் பிள்ளைகள் கொண்டு வருவார்கள்.